சத்தம் போடாத கேமரா

கழுத்து வலி வந்தால் எல்லோரும் முதலில் தலையணையைத்தான் மாற்றுகிறார்கள். நானும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் எலும்பு டாக்டர் என் தோளில் தொங்கிய பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, தலையணை மேல் தப்பில்லை, இதை இறக்கி வையுங்கள் என்றார். பைக்குள் இருந்தது என் கேமரா. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை மல்யுத்தம் நடக்கும்போதெல்லாம் அதை ஏந்திக்கொண்டு கோதாவின் ஓரத்தில் நின்றே என் பாதி ஆயுள் போய்விட்டது.

வக்கீலம்மா, இறந்தவரின் மனைவி என்ற முறையில், அன்று அவரோடு மோதிய ரூபென் மீதான புகாரில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். பேனாவையும் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள். நான் போடப்போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கேமராவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றீர்கள். பரவாயில்லை, தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே எழும்பிக் கீழே விழும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும். புதிய கேமராவில் கண்ணாடி கிடையாது. அதனால் சின்னது, எடையும் பாதிக்குப் பாதி. கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் ஒரு குட்டித் திரை இருக்கும். சத்தம் வேண்டுமென்றால் லேசாக டிக் டிக் என்று அடிக்கும். வேண்டாமென்றால் முற்றிலும் ஊமையாகிவிடும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட நீங்கள் படம் எடுப்பது தெரியாது.

வேகமான விஷயங்களைப் படமெடுக்க இந்தச் சின்ன கேமரா உதவுமா, உதவாதா என்பதுதான் எங்கள் ஆட்களிடையே ஓயாத சண்டை. கோதாவின் எதிர்ப்பக்கம் நிற்கும் பால்டோ விளையாட்டுப் பத்திரிகைக்காரன். பழைய கேமராவைத் தவிர எதையும் தொடமாட்டான். இடைவேளையில் பாஸ்தே என்கிற அடைத்த ரொட்டியைச் சாப்பிடும்போதெல்லாம், வாய் நிறைய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு என்னை வம்புக்கு இழுப்பான்.

“அது கேமரா இல்ல எர்லிந்தா, பொம்ம டிவி. அவன் குதிச்சு, எழுந்து, குளிச்சு, வீட்டுக்குப் போனப்புறம் உனக்குக் காட்டும். அதுக்குள்ள பேட்டரி செத்துடும்.”

“உன் தொப்பைய சுமக்கிறதுக்கே உனக்கு முதுகு பத்தல. இதுல அந்த இரும்பு வேறயா?” என்பேன்.

அவன் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. பழைய மாடல்களில் அந்தக் குட்டித் திரை கொஞ்சம் பின்தங்கித்தான் காட்டும். இப்போது வருபவை அப்படி இல்லை. ஆள் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு விடாது. முகமூடியின் ஓட்டைக்குள்ளே இருந்தால்கூடப் பிடித்துவிடும். அது பார்வை உள்ள கண்ணா, இல்லாத கண்ணா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

என் கணவர் ஹசிந்தோவை நீங்கள் நீலப் பருந்து என்ற பெயரில்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுவரொட்டியில் அவர் முகம் என்றால் அந்த நீல முகமூடிதான். மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி நின்று, கோதாவுக்கு வெளியே கீழே நிற்கும் எதிராளியின் மேல் பாய்வதுதான் அவருடைய பெயர்பெற்ற வித்தை. யார் ஜெயிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசிவைப்பதுதான். ஆனால் விழுவதை யாரும் பேசிவைக்க முடியாது, அது நிஜம். கீழே நிற்பவன் தாங்கிப் பிடித்தால்தான் பாய்ந்தவன் பிழைப்பான்.

அவருக்கு விழித்திரையில் வியாதி. மாலைக்கண் மாதிரி ஆரம்பித்தது. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. வெளிச்சம் கொட்டும் கோதாவுக்குள் சமாளித்துவிடுவார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருட்டில் அவருக்கு எதுவுமே தெரியாது. டாக்டர் சொன்ன அன்று பேருந்தில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருக்கும் தெரிய வேணாம் கிழவி. தெரிஞ்சா மல்யுத்த லைசென்ஸ பிடுங்கிடுவாங்க. நான் அப்புறம் என்ன, சந்தையில வெங்காயம் விக்கவா?” என்றார். எனக்கும் அப்போது அவர் பறப்பதை நிறுத்துவதில் விருப்பம் இல்லை. கண் பரிசோதனைக்கு வைத்திருக்கும் எழுத்துப் பலகையை போனில் படம் எடுத்துவந்து அவரை மனப்பாடம் செய்யவைத்ததே நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். எதிராளி கோதாவுக்கு வெளியே போய் விழுந்ததும் நான் அவனுக்கு நேர் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஹசிந்தோ கம்பத்தின் மேல் ஏறுவார். அவர் ஏறி நிமிர்ந்ததும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த அமைதியில் நான் விரலை அழுத்துவேன். என் கேமரா சடசடவென்று அடிக்கும்; பால்டோ எப்போதும் அவர் கால் கம்பத்தை விட்ட பிறகுதான் அழுத்துவான். சத்தம் வரும் இடத்தைப் பார்த்து அவர் பாய்வார். எதிராளிகளுக்கும் இது தெரியாது, பால்டோவுக்கும் தெரியாது. எந்தப் பக்கம் பாய்வது என்று மட்டும் எதிராளியோடு பேசிவைத்திருப்பார். அந்தப் பக்கத்தில் சரியாக எந்த இடம் என்பதை என் விரல் சொல்லும். எத்தனையோ வருஷம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. வீட்டுக்கு வந்து முகமூடியைக் கழற்றும்போது, “இன்னிக்கு நல்லா பேசின” என்பார். கேமராவைத்தான் சொல்வார்.

உங்களுக்குப் புரியாமல் போகக்கூடிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எதிராளிக்குப் பின்னால் நிற்பது படம் எடுப்பதற்கு மிக மோசமான இடம். ஹசிந்தோ இறக்கை விரித்து வரும்போது என் படத்தின் பாதியை ஒரு பிடரி மறைத்துக்கொண்டிருக்கும். வியர்த்த கழுத்து, முகமூடியின் கயிற்று முடிச்சு, அதற்கு மேலே கொஞ்சம் நீலம். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு நான் எடுத்த பாய்ச்சல் படங்கள் எல்லாமே அப்படித்தான். பால்டோ எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படங்கள் அட்டையில் வரும். “முடிவெட்டுறவன் கடையில மாட்டலாம் எர்லிந்தா, உன் படத்த” என்பான். நானும் சிரித்துவைப்பேன். என் கணவரின் மிக அழகான படங்களை எடுத்தவன் பால்டோ. நான் அவர் மனைவி.

ஒரு தடவை தலைநகரத்திலிருந்து ஒரு நாளிதழ் என்னைக் கூப்பிட்டது. கால்பந்து, குதிரைப் பந்தயம் எல்லாம் எடுக்கலாம் என்றார்கள். ஹசிந்தோ போகாதே என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப நான் எங்க பார்த்து குதிக்கிறது?” என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாதிரி கேட்டார். நான் போகவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு வருத்தம் இருந்ததாக நினைக்காதீர்கள். இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

கழுத்து வலிக்காகப் புது கேமரா வாங்கப்போகிறேன் என்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “அது சத்தம் போடுமா?”

“போடும். உன் குறட்டை அளவுக்கு வராது.”

வாங்கி வந்ததும் சமையலறையில் சோதித்துப் பார்த்தோம். அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். நான் அடுப்பின் பக்கம், ஜன்னல் பக்கம், கதவுக்குப் பின்னால் என்று மாறி மாறி நின்று அழுத்தினேன். அந்த மெல்லிய டிக் டிக்கைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் விரலை நேராக என் மூக்குக்கு நீட்டினார். குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு நான் சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டடி நகர்ந்து நின்று அவரைப் படம் எடுத்தேன். அவர் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து, வாய் கொஞ்சம் திறந்தபடி காத்திருந்தார். “கிழவி? எங்க போயிட்ட?” என்றார். நான் எடுத்த படத்தைத் திரையில் பார்த்தேன். அவர் முகம் அப்படி ஒரு முகமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முகமூடி இல்லாமல், யாருக்காகவும் நடிக்காமல், என்னை மட்டுமே தேடுகிற முகம். “இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

அன்றைக்கே எனக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். வரவில்லை. அதற்குப் பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் புது கேமராவைச் சத்தத்தோடு வைத்துக்கொண்டு பிடரிக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒழுங்காகப் பாய்ந்தார், ஒழுங்காகப் பிடித்தார்கள். பெரிய கேமரா செய்த வேலையை இந்தச் சின்னதும் செய்தது. பால்டோவிடம்கூடச் சொன்னேன்.

ஆனால் வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது, தெருவே படிக்கட்டுதான். பட்டப்பகலில் இரண்டு தடவை படி தவறி விழுந்தார். கோதாவுக்குள்ளேயே கயிற்றைத் தடவித் தேட ஆரம்பித்தார். நிறுத்திவிடு என்று கெஞ்சினேன். அடுத்த வருஷம் என்றார். போன வருஷமும் அதையேதான் சொன்னார். “நீ இருக்கிற வரைக்கும் எனக்கென்ன?” என்று கன்னத்தைத் தட்டினார். சாமிப் படத்துக்கு முன்னால் பேசுகிற மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். அந்த நிச்சயத்தைத்தான் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு தடவை சத்தம் வராமல் இருந்தால் குழம்பி நிற்பார். கூட்டம் சீழ்க்கை அடிக்கும். அவமானத்தோடு கீழே இறங்கி வருவார். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுவார். பிறகு நிறுத்திவிடுவார். இப்படித்தான் யோசித்தேன். ஒரு மனைவி யோசிக்கக்கூடாததா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் காற்று ரொம்ப அதிகம். அரங்கத்தின் கூரைத் தகடு ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. எதிராளி ரூபென். இரும்புமூஞ்சி என்ற பெயரில் கொடுமைக்காரனாக வருவான். நிஜத்தில் அவனைப் போல் சாதுவைப் பார்க்க முடியாது. ஹசிந்தோவின் தோள்பட்டை கழன்றபோது எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தவன். சண்டைக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் எனக்குப் பாதி பாஸ்தே பிய்த்துக் கொடுத்து, “இன்னிக்கு நம்மாளு பறக்கும்போது என் பிடரிய கொஞ்சம் நல்லா எடு அக்கா, புதுசா முடி வெட்டியிருக்கேன்” என்றான்.

நான் வெளியே வந்து கேமராவை ஊமையாக்கினேன். விரல் தவறிப் பட்டுவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம். பட முடியாது. அது பட்டனில் இல்லை, உள்ளே மெனுவில் ஒன்றுக்குள் ஒன்றாகத் தேடிப் போய்த்தான் மாற்ற வேண்டும். எங்கள் தொழிலில் யாரும் அரங்கத்துக்குள் அப்படி வைப்பதும் இல்லை. புது மாதிரி எல்இடி விளக்குகளின் கீழ் சத்தமில்லாமல் எடுத்தால் படத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ரூபென் கயிற்றுக்கு வெளியே உருண்டு விழுந்து தள்ளாடி எழுந்து நின்றான். வழக்கமாக நிற்கும் இடத்தைவிட இரண்டு மூன்று அடி வலப்பக்கம். ஹசிந்தோ கம்பத்தில் ஏறினார். அரங்கம் அடங்கியது. அவர் கைகளை விரித்தார், காத்திருந்தார். எந்தச் சத்தமும் வரவில்லை. தலையைச் சாய்த்தார். கூட்டம் இதையும் வித்தை என்று நினைத்துக்கொண்டு இன்னும் அமைதியானது. பிறகு யாரோ பின்வரிசையிலிருந்து, “என்ன பருந்து, முட்டை போடப்போறியா?” என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாய்ந்துவிட்டார்.

ரூபென் பார்த்துவிட்டான். இடப்பக்கம் தாவினான். அவன் விரல் நுனி அவருடைய பூட்ஸில் பட்டது. அவ்வளவுதான். நீங்கள் வைத்திருக்கும் வீடியோவில் அவன் அசைவதைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே விலகினான் என்கிறீர்கள். அவன் விலகவில்லை, அவரைப் பிடிக்க ஓடினான். ஹசிந்தோ முன்வரிசையின் இரும்புத் தடுப்பில் தலைகீழாகப் போய் விழுந்தார். நான் கிட்டே போனபோது மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் இல்லை.

துக்க வீட்டுக்கு வந்திருந்த பால்டோ, என் கேமராவை வாங்கி அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

“இது மாதிரி ஒண்ண நான் என் வாழ்க்கையில எடுத்ததில்ல எர்லிந்தா. அந்தக் கோடுதான்… புது கேமரா, பழகல, இல்ல?”

ஆமாம் என்றேன். கோடு அங்கங்கே விழுந்திருந்தாலும் படத்தை அது கெடுக்கவில்லை. அவர் மேல் திரை திரையாக நிழல் விழுந்த மாதிரிதான் இருந்தது. பால்டோவின் பத்திரிகை அதை முழுப் பக்கத்தில் போட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இனிமேல் பெரிய கேமராவைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை என்று படம் எடுப்பவர்கள் பலர் எனக்கு எழுதினார்கள்.

ரூபென் அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரமாட்டேன் என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். குடித்திருந்தான். “நான் சரியாத்தான் நின்னேன் அக்கா. இல்ல, தப்பா நின்னுட்டேனா? எனக்கே தெரியல. நீ பாத்தியே, நீ சொல்லு” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நீ சரியாகத்தான் நின்றாய் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனை நீங்கள் சிறையில் போடக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் கீழே இறங்கி வரட்டும் என்றுதான் சத்தத்தை அணைத்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் நடுவில் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் படத்தில் பிடரி இல்லையே, அப்படியென்றால் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. படம் எடுப்பவர்கள்கூட அதைக் கேட்கவில்லை.

நான் அன்று ரூபெனுக்குப் பின்னால் போகவில்லை. கோதாவின் மூலையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய், வெளிச்சம் அவர் முகத்தில் பாதியாக விழும் இடத்தில், சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே நின்றுகொண்டேன். அங்கே நின்று பார்த்தபோது அவர் முழுதாகத் தெரிந்தார். கால் முதல் கைவிரல் வரை குறுக்கே ஒன்றுமில்லை. அந்த ஏற்பாடு ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் என் கணவர் பறக்கத் தயாராவதை நான் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேமரா அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது.

பத்திரிகையில் அவர் எதிராளியைப் பார்த்துச் சவால் விடுகிறார் என்று போட்டிருந்தார்கள். வாய் திறந்திருக்கிறது, அதனால் அப்படி நினைத்துவிட்டார்கள். அவர் சவால் விடவில்லை. எர்லிந்தா என்று கூப்பிட்டார். வீட்டில் கிழவி என்றுதான் கூப்பிடுவார். என் பெயரை அவர் வாயால் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மெதுவாகத்தான் கூப்பிட்டார். கூட்டத்துக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டார். பின்வரிசையிலிருந்து அந்த ஆள் கத்தியது அதற்கப்புறம்தான். அதுவரை எனக்கு நேரம் இருந்தது. கேமராவுக்குச் சத்தம் வேண்டும் என்றுகூட இல்லை. இறங்கு என்று நான் சொன்னாலே போதும், இறங்கியிருப்பார். கம்பத்தின் மேல் நிற்கும்போது நான் காட்டிய வழியை அவர் ஒரு தடவைகூட மீறியதில்லை.

நான் விரலை எடுக்கவில்லை. அந்த இரண்டு அழைப்புக்கும் நடுவில்தான் அந்தப் படம் இருக்கிறது.

இங்கதான் இருக்கேன் என்று நான் சொல்லியிருந்தால் அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்திருப்பார். அவர் சிரிக்கிற படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, வக்கீலம்மா.